ஆலோசனை அறை திறந்தே இருக்கிறது, மாணவர்கள்தான் வருவதில்லை

நீங்கள் கேட்டது இது. உங்கள் கல்லூரியில் மனநல ஆலோசகர் ஒருவரை நியமித்து ஓராண்டு ஆகிறது. சுவரொட்டி ஒட்டினீர்கள். முதலாண்டு மாணவர்களின் அறிமுக நாளில் அவரை மேடையில் பேசவைத்தீர்கள். மின்னஞ்சலும் அனுப்பிப் பார்த்தீர்கள். ஆனாலும் அவருக்கு எதிரே உள்ள நாற்காலி பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது. அதே வேளையில் உங்கள் வகுப்பிலேயே இரண்டு மூன்று பேர் கண்ணெதிரே வாடிக்கொண்டிருக்கிறார்கள். ‘போய்ப் பாருங்கள்’ என்றால் தலையாட்டுகிறார்கள், போவதில்லை. இவர்களை எப்படித்தான் ஊக்குவிப்பது?

மாணவர் ஆலோசனைப் பணியில் நெடுநாள் இருந்தவன் நான். அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தபடி நானும் பல பிற்பகல்களைக் கழித்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உதவி இருப்பது தெரியாததால் அவர்கள் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். அறை எங்கே என்று கேட்டால் பெரும்பாலானோர் சரியாகக் கைகாட்டுவார்கள். கதவைத் தட்டுவதற்கு முந்தைய பத்தடி தூரம்தான் அவர்களால் கடக்க முடியாததாக இருக்கிறது. அந்தப் பத்தடியில் சுவரொட்டிக்கு வேலையில்லை. மனிதர் ஒருவர் கூட நடக்க வேண்டியிருக்கிறது.

எத்தனை பேருக்கு இது தேவைப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் உங்கள் வகுப்பையே வேறு கண்ணால் பார்ப்பீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மனநலக் கணக்கெடுப்புகளை ஒட்டி 2016இல் ஓர் ஆய்வு வெளியானது. 21 நாடுகளில் 18 முதல் 22 வயதுவரை உள்ளவர்களைப் பார்த்ததில், கல்லூரி மாணவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு முந்தைய 12 மாதங்களில் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்திருக்கிறது. அவர்களில் சிகிச்சை பெற்றவர்கள் 16 சதவீதத்தினர் மட்டுமே. அறுபது பேர் உள்ள வகுப்பு என்றால் பன்னிரண்டு பேர். அவர்களில் யாரோ இரண்டு பேர் மருத்துவரையோ ஆலோசகரையோ பார்த்திருப்பார்கள். மீதிப் பத்துப் பேர் உங்கள் பாடத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னொரு செய்தியும் அந்த ஆய்வில் உண்டு. பாதிக்கப்பட்ட மாணவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் அது கல்லூரிக்கு வருமுன்பே தொடங்கியிருந்தது. ‘விடுதிக்கு வந்துதான் பையன் கெட்டுப்போனான்’ என்பவர்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது. பலர் அந்தச் சுமையைப் பெட்டியோடு சேர்த்தே கொண்டுவருகிறார்கள். அங்கே வீட்டார் தாங்கிப் பிடித்தார்கள், இங்கே பிடிக்க ஆளில்லை என்பதால் அது வெளியே தெரிகிறது.

சரி, ஏன் வருவதில்லை? எட்டு நாடுகளில் 19 பல்கலைக்கழகங்களின் முதலாண்டு மாணவர்கள் ஏறத்தாழ 14,000 பேரிடம் இதை நேராகவே கேட்டிருக்கிறார்கள். நாளை மனச்சிக்கல் ஒன்று வந்தால் கட்டாயம் உதவி நாடுவேன் என்று உறுதியாகச் சொன்னவர்கள் கால்வாசிப் பேர்தான். தயங்கியவர்கள் சொன்ன காரணங்களில் முதலிடம் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? வெட்கத்துக்கோ பணத்துக்கோ இல்லை. ‘நானே சமாளித்துக்கொள்வேன்’ என்பதற்குத்தான். பாதிக்கும் மேற்பட்டோர் அதைச் சொன்னார்கள். அடுத்தபடியாக, ‘நண்பர்களிடமோ வீட்டாரிடமோ பேசிக்கொள்வேன்’.

இந்த ‘நானே சமாளித்துக்கொள்வேன்’ என்பதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பிள்ளையைக் கல்லூரிவரை கொண்டுவந்து சேர்த்த குணமே அதுதான். புரியாத பாடத்தை இரவெல்லாம் விழித்துத் தானே படித்துப் புரிந்துகொண்டவர் அவர். இதுவரை எந்தச் சிக்கலையும் இன்னும் கொஞ்சம் முயன்றால் தீர்த்துவிடலாம் என்பதே அவருடைய அனுபவம். மனச்சோர்வு அந்த முயற்சியையே அரித்துத் தின்னும் என்பது அவருக்குத் தெரியாது. ஆகவே இன்னும் கடுமையாக முயல்கிறார், இன்னும் மோசமாகத் தோற்கிறார், தோற்றதற்குத் தன்னையே திட்டிக்கொள்கிறார். இப்படிப்பட்டவரிடம் ‘நீ தனியாகச் சமாளிக்க முடியாது’ என்று சொன்னால் கதவு சாத்திக்கொள்ளும்.

நான் வேறு விதமாகச் சொல்வேன்: “நீதான் சமாளிக்கப் போகிறாய். அதற்கான உத்திகளைக் கற்றுத்தர ஓர் ஆள் இருக்கிறார், அவ்வளவுதான்.” இது ஆறுதலுக்காகச் சொல்லும் பொய்யும் இல்லை. மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் உருவாக்கத் தொடங்கிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை ஏறக்குறைய ஒரு பயிற்சி வகுப்பைப் போலவே நடக்கும். மனத்தில் தானாக எழும் எண்ணங்களைக் குறித்துக்கொள்வது, அவை உண்மைதானா என்று சோதித்துப் பார்ப்பது, அடுத்த சந்திப்புக்குள் செய்துவர வேண்டிய வீட்டுப்பாடம் என்று போகும். வழக்கமாகப் பன்னிரண்டிலிருந்து இருபது அமர்வுகள். இதற்கு ஒரு முடிவு உண்டு என்று தெரிந்ததும் மாணவர்களின் முகத்தில் தெரியும் நிம்மதியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வாழ்நாள் முழுவதும் ஒருவர் எதிரே உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க வேண்டும் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு தடை இதைவிட மென்மையானது, அதனாலேயே கண்ணில் படுவதில்லை. ‘என் பிரச்சினை அவ்வளவு பெரிதா?’ என்பது. பக்கத்து அறையில் இருப்பவரின் தந்தை இறந்துவிட்டார், அவரே சிரித்துக்கொண்டு திரிகிறார். எனக்கு எந்தக் குறையும் இல்லை, நான் போய் ஆலோசகரின் நேரத்தை வீணடிப்பதா? நல்ல பிள்ளைகள்தான் இப்படி யோசிப்பார்கள். காரணம் எவ்வளவு பெரிது என்பதை அங்கே யாரும் அளப்பதில்லை என்று அவர்களிடம் சொல்லுங்கள். எத்தனை நாளாக இருக்கிறது, அன்றாட வாழ்க்கையை எவ்வளவு குலைத்திருக்கிறது என்ற இரண்டைத்தான் பார்ப்பார்கள். மனச்சோர்வைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் ஒன்பது கேள்விப் படிவம் ஒன்று உண்டு. ராபர்ட் ஸ்பிட்சர், கர்ட் குரோன்கே ஆகியோரின் குழு உருவாக்கியது. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி மட்டும் கேட்கும். மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நிபுணர் ஒருவரைப் பார்ப்பது நல்லது. அதை நோய்த்தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, காய்ச்சல்மானியைப் போல ஒரு முதற்கட்டச் சோதனைதான். அந்தப் படிவத்தின் அடியில் மதிப்பெண் இல்லாத பத்தாவது கேள்வி ஒன்று இருக்கும்: மேலே சொன்னவை உங்கள் வேலையை, வீட்டுக் காரியங்களை, பிறரோடு பழகுவதை எவ்வளவு கடினமாக்கியிருக்கின்றன? பலர் அதைப் படிக்காமலே தாளை மடித்துவிடுகிறார்கள். நான் மாணவர்களை அங்கிருந்தே தொடங்கச் சொல்வேன்.

காத்திருந்து பார்க்கலாம் என்பதன் விலையையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 2005இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, மனச்சோர்வு போன்ற கோளாறு தொடங்கியதற்கும் ஒருவர் முதன்முதலாக சிகிச்சைக்கு வருவதற்கும் இடையே கழியும் காலத்தைக் கணக்கிட்டது. ஆறிலிருந்து எட்டு ஆண்டுகள். பதற்றக் கோளாறுகளுக்கு ஒன்பது ஆண்டுகளுக்கும் மேல். அதாவது பத்தொன்பது வயதில் உங்கள் வகுப்பில் தொடங்கிய ஒன்றுக்கு இருபத்தாறிலோ முப்பதிலோ மருந்து தேடுகிறார்கள். இடையில் போன படிப்பும் வேலையும் உறவுகளும் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை.

வெட்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆனால் அதில் வேடிக்கை ஒன்று இருக்கிறது. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் 13 கல்வி நிறுவனங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் இரண்டு விதமாகக் கேட்டார்கள். மனநலச் சிகிச்சை பெற்ற ஒருவரைப் பிறர் தாழ்வாக நினைப்பார்களா? நீங்கள் தாழ்வாக நினைப்பீர்களா? முதல் கேள்விக்கு ‘ஆம்’ பக்கம் சாய்ந்தவர்கள் ஏராளம்; இரண்டாவதற்கு மிகக் குறைவு. ஒவ்வொருவரும் பிறர் தம்மை இழிவாக நினைப்பார்கள் என்று அஞ்சுகிறார்கள். அந்தப் ‘பிறர்’ யார் என்று தேடிப் போனால் ஆளே அகப்படவில்லை! இப்படிக் கூட்டமாகச் சேர்ந்து ஒருவரை ஒருவர் தப்பாக எடைபோடுவதை உளவியலாளர் ஃப்ளாய்ட் ஆல்போர்ட்டும் அவருடைய மாணவர் டேனியல் காட்ஸும் 1931லேயே கல்லூரி மாணவர்களிடம் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

இதை நீங்கள் வகுப்பிலேயே செய்துகாட்டலாம். பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் அந்த இரண்டு கேள்விகள். சீட்டுகளைச் சேகரித்து எண்ணி, எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதுங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம். எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள். எந்தச் சொற்பொழிவும் செய்யாத வேலையை அந்த இரண்டு எண்கள் செய்யும்.

இனி, அந்த இரண்டு மூன்று பேர். அவர்களிடம் எப்படிப் பேசுவது என்பதில்தான் பாதிக் காரியம் இருக்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள், கண்டுபிடித்ததைச் சொல்லாதீர்கள். “உனக்கு டிப்ரெஷன் மாதிரி தெரிகிறது” என்றால் மாணவர் உடனே தற்காத்துக்கொள்வார். “மூன்று வாரமாகக் கடைசி வரிசையில் உட்காருகிறாய். இரண்டு ஒப்படைப்புகள் வரவில்லை. நீ இப்படி இருப்பவன் இல்லையே, எப்படி இருக்கிறாய்?” என்று கேட்டால் மறுக்க ஒன்றுமில்லை. கேட்டபின் வாயை மூடிக்கொள்ளுங்கள். ஆசிரியர்களுக்கு இதுதான் கடினம், நமக்கு மௌனத்தை நிரப்பியே பழக்கம். பத்து விநாடி பொறுங்கள். “ஒன்றுமில்லை சார்” என்றுதான் முதலில் வரும். “சரி. ஒன்றுமில்லை என்றால் மகிழ்ச்சி. தூக்கம் எப்படி?” என்று கேளுங்கள். மனத்தைப் பற்றிப் பேசத் தயங்குபவரும் தூக்கத்தைப் பற்றிப் பேசுவார். பசி, தலைவலி, வயிற்றுவலி பற்றியும் பேசுவார். பல மாணவர்களுக்கு மனச்சுமை உடம்பில்தான் முதலில் தெரிகிறது.

தயவுசெய்து சொல்லக் கூடாதவை சில: ‘எல்லாருக்கும் இருப்பதுதான்’, ‘தைரியமாக இரு’, ‘எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது’. இவற்றுள் மிக மோசமானது, ‘உன் அப்பா அம்மாவை நினைத்துப் பார்’. அவர் அவர்களை நினைத்துத்தான் ஏற்கெனவே நொறுங்கிக்கொண்டிருக்கிறார். நாம் குற்றவுணர்ச்சியை இன்னொரு கரண்டி சேர்த்துப் பரிமாறுகிறோம்.

பிறகு, ‘கவுன்சலரைப் போய்ப் பார்’ என்ற வாக்கியம். நீங்கள் அக்கறையாகத்தான் சொல்கிறீர்கள். காதில் விழுவதோ, ‘உன்னை என்னால் தாங்க முடியாது, வேறு ஆளைப் பார்’ என்று. நெஞ்சைத் திறந்து காட்டிய மறுநிமிடமே அப்படிச் சொன்னால் இன்னும் வலிக்கும். “நீ இதை என்னிடம் சொன்னது நல்லது. நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். ஆனால் இதில் என்னைவிடத் தேர்ந்தவர் ஒருவர் நம் கல்லூரியிலேயே இருக்கிறார். இப்போதே சேர்ந்து அவருக்கு ஒரு செய்தி அனுப்பலாமா?” என்று கேளுங்கள். ‘இப்போதே’, ‘சேர்ந்து’ என்ற இரண்டு சொற்களையும் விட்டுவிடாதீர்கள். மனச்சோர்வில் இருப்பவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு மலையாகத் தெரியும். உதவி கேட்கும் தெம்பையே பறித்துக்கொள்ளும் நோய் இது. ‘நாளைக்குப் போகிறேன் சார்’ என்று அவர் சொல்வது பொய்யில்லை, நாளைக்கு அவரால் முடியாது. செய்தி இரண்டு வரி போதும்: ‘நான் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சில வாரங்களாகச் சரியாக இல்லை. உங்களைச் சந்திக்க நேரம் கிடைக்குமா?’ அதற்குமேல் எதையும் விளக்க வேண்டாம். நேரம் கிடைத்ததும், அவர் விரும்பினால், அறை வாசல்வரை கூடப் போங்கள். உள்ளே போக வேண்டாம்.

உள்ளே என்ன நடக்கும் என்று சொல்லியனுப்புவதும் உதவும். தெரியாத அறை என்றால் யாருக்கும் பயம்தான். சாய்ந்து படுக்கும் கட்டிலெல்லாம் இருக்காது. ஒரு படிவம், பிறகு சுமார் ஐம்பது நிமிடம் பேச்சு. தூக்கம், சாப்பாடு, படிப்பு, வீடு, முன்பு ஏதும் சிகிச்சை எடுத்ததுண்டா, குடி அல்லது போதைப் பழக்கம் உண்டா, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததுண்டா என்று கேட்பார். எந்தக் கேள்விக்கும் ‘இதை இன்று பேச வேண்டாம்’ என்று சொல்லலாம். பேச வராது என்பவர்கள் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் நீட்டலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஜேம்ஸ் பென்பேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் கல்லூரி மாணவர்களை நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தம்மை வருத்திய நிகழ்ச்சிகளை எழுதச் சொன்னார். ஆழ்ந்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் உடல்நல மையத்துக்குப் போனது குறைந்தது. எழுதுவது சிகிச்சைக்கு மாற்றாகாது, ஆனால் முதல் சந்திப்புக்கு நல்ல முன்தயாரிப்பு.

மாணவர்கள் எல்லாரும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், மனத்தில் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: ‘வீட்டுக்குத் தெரியுமா?’ இதற்கு ‘கட்டாயம் யாருக்கும் தெரியாது’ என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள். பேசுவது ரகசியமாகவே இருக்கும் என்பது தொழில்நெறி. விதிவிலக்குகள் சில உண்டு. அவர் உயிருக்கு உடனடி ஆபத்து, பிறருக்குக் கடும் தீங்கு செய்யும் திட்டம், குழந்தை ஒன்று துன்புறுத்தப்படுவது, நீதிமன்ற ஆணை. பிறரைக் காக்கும் கடமை என்ற அந்த விதியை வடிவமைத்ததில் 1976ஆம் ஆண்டின் கலிபோர்னியா உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த வழக்கும் பல்கலைக்கழக வளாகம் ஒன்றிலிருந்து எழுந்ததுதான். வயது வராதவர்களுக்கான விதி நாட்டுக்கு நாடு மாறும். முதல் சந்திப்பிலேயே ஆலோசகரிடம் ‘எதையெல்லாம் வெளியே சொல்வீர்கள்?’ என்று கேட்கும் உரிமை மாணவருக்கு உண்டு. அதைக் கேட்கச் சொல்லியே அனுப்புங்கள்.

இங்கே உங்கள் சக ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆலோசகரிடம் போய் ‘என் மாணவன் வந்தானா, என்ன சொன்னான்?’ என்று விசாரிக்கவே கூடாது. நான் பணியாற்றிய இடம் ஒன்றில் துறைத்தலைவர் ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் அப்படி விசாரித்தார், அதுவும் தாழ்வாரத்தில் நின்று. அந்த ஆண்டு முழுவதும் அந்தத் துறையிலிருந்து ஒரு மாணவர்கூட வரவில்லை.

யாரைப் பார்ப்பது என்ற குழப்பத்தைச் சுருக்கமாகத் தீர்த்துவிடலாம். ஆலோசகரும் உளவியலாளரும் பேச்சின் வழியாகவும் பயிற்சியின் வழியாகவும் உதவுவார்கள். மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, பி12 வைட்டமின் குறைவு ஆகியவையும் சோர்வாகவும் மறதியாகவும் வேடமிடும் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லலாம். மாத்திரை எல்லாருக்கும் தேவைப்படாது. லேசான நிலைகளில் பேச்சுச் சிகிச்சையே போதும். மனச்சோர்வு மாத்திரை எழுதித் தந்தால் மூன்று விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும். பலன் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகலாம், பக்கவிளைவுகளோ முதல் வாரத்திலேயே எட்டிப்பார்க்கும். பலர் அந்த இடைவெளியில்தான் ‘இது சரிப்படாது’ என்று தூக்கி எறிகிறார்கள். மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக் கூடாது. 25 வயதுக்கு உட்பட்ட சிலருக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007இல் எச்சரிக்கையை இளைஞர்களுக்கும் விரிவாக்கியது. மருந்தைக் கண்டு ஓடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த வாரங்களில் மருத்துவரைத் தவறாமல் சந்திக்க வேண்டும், கூட இருப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

இப்போது கடினமான பகுதி. உலகில் ஆண்டுதோறும் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தற்கொலையால் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 15 முதல் 29 வயதினரின் இறப்புக் காரணங்களில் இது மூன்றாவது. உங்களுக்குச் சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள்: “வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறதா? தற்கொலை பற்றி யோசிக்கிறாயா?” கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் பரவலாக இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் இதைச் சோதித்து 2005இல் முடிவை வெளியிட்டார்கள். கேட்கப்பட்டவர்களுக்கு மனவேதனையோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே சோர்வில் இருந்தவர்களுக்கு வேதனை சற்றுக் குறைந்தும் இருந்தது. அப்பாடா, ஒருவர் கேட்டுவிட்டார் என்ற நிம்மதி அது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

‘ஆம்’ என்று பதில் வந்தால் அதிர்ச்சியை முகத்தில் காட்டாதீர்கள், உபதேசமும் வேண்டாம். தனியே விடாதீர்கள். ஆபத்தான பொருள்கள் கைக்கெட்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஆலோசகரையோ மருத்துவமனை அவசரப் பிரிவையோ அப்போதே தொடர்புகொள்ளுங்கள். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். “உன் உயிர் விஷயத்தில் நான் ரகசியம் காக்க மாட்டேன், ஆனால் யாரிடம், என்ன சொல்லப் போகிறேன் என்பதை முதலில் உன்னிடம் சொல்வேன்” என்பதே நேர்மையான பேச்சு. தற்கொலை எண்ணத்தோடு தவிப்பவர்களுக்குப் பேச ஆள் வேண்டும் என்று 1953இல் லண்டனில் சாட் வரா என்ற பாதிரியார் தொடங்கிய தொலைபேசிச் சேவைதான் சமாரிட்டன்ஸ். அதுபோன்ற உதவி எண்கள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன. உங்கள் நாட்டின் எண்ணை மாணவர் அடையாள அட்டையின் பின்புறம் அச்சிடச் சொல்லுங்கள். சுவரொட்டிக்குச் செலவழித்ததைவிட அது பயன்தரும்.

யாருமில்லாத இடத்தில் குரல் கேட்கிறது, எல்லாரும் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று மாணவர் சொன்னால், அல்லது நாள்கணக்கில் தூங்காமலே உற்சாகத்தின் உச்சியில் திரிந்தால், நேரே மனநல மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அத்தகைய நோய்கள் பலருக்கும் முதலில் தலைகாட்டுவது பதின்வயதின் இறுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும்தான். எவ்வளவு முன்னதாகச் சிகிச்சை தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. ‘அப்படியெல்லாம் ஒன்றுமில்லை’ என்று அவரோடு வாதாடிப் பயனில்லை.

நண்பர்களை மறந்துவிடாதீர்கள். மாணவர் முதலில் வாய் திறப்பது உங்களிடம் இருக்காது, அறைத்தோழரிடம்தான். ஆஸ்திரேலியாவில் 2000ஆம் ஆண்டில் பெட்டி கிச்சனரும் ஆண்டனி ஜோர்மும் மனநல முதலுதவி என்ற பயிற்சியைத் தொடங்கினார்கள். காயத்துக்குக் கட்டுப் போடக் கற்றுக்கொடுப்பதைப் போல, தடுமாறும் ஒருவரை நிபுணரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை என்ன செய்வது என்று சாதாரண மனிதர்களுக்குக் கற்றுக்கொடுப்பது. விடுதிக்கு நான்கு பேர் அதைக் கற்றிருந்தால் போதும். ஆனால் அந்த நண்பர்களே சிகிச்சையாளர்களாக மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தோழியின் உயிரைத் தான் ஒருத்தியே காவல் காப்பதாக நினைத்து இரவிரவாக விழித்திருந்த மாணவிகள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கே உதவி தேவைப்பட்டது.

நீங்கள் நன்றாகப் பேசியும் ‘வேண்டாம் சார்’ என்று சொல்லலாம். உயிராபத்து இல்லையென்றால் வற்புறுத்தாதீர்கள். “சரி. அடுத்த வியாழக்கிழமை மறுபடி கேட்பேன், பரவாயில்லையா?” என்று சொல்லி, அந்த வியாழக்கிழமை மறக்காமல் கேளுங்கள். இரண்டாவது தடவைதான் பலர் சம்மதிக்கிறார்கள். ஒருமுறை போய்விட்டு ‘அவர் எனக்குச் சரிப்படவில்லை’ என்று திரும்பி வருபவர்களும் உண்டு. அது தோல்வி ஆகாது. முதலில் போட்டுப் பார்த்த கண்ணாடி பொருந்தவில்லை என்பதற்காகப் பார்வையே வேண்டாம் என்று யாரும் இருந்துவிடுவதில்லை. வேறொருவரைத் தேடலாம், ஆலோசகர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார்கள், சுளித்தால் மாறியது சரிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய சில. அறை எங்கே இருக்கிறது? முதல்வர் அறைக்கு எதிரிலா, ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் பக்கத்திலா? அப்படியானால் நூலகத்தின் மாடிக்கோ உடல்நல மையத்துக்குள்ளோ மாற்றுங்கள், எதற்காகப் போகிறார் என்று பார்ப்பவர் ஊகிக்க முடியாத இடத்துக்கு. வகுப்பு நேரத்தில் மட்டும் திறந்திருந்தால் வருகைப் பதிவை இழந்து யார் வருவார்? கேட்டவருக்கு நான்கு வாரம் கழித்து நேரம் தருகிறார்களா? தயக்கத்தை மென்று விழுங்கி ஒருவர் கேட்ட வாரத்திலேயே, பதினைந்து நிமிடமாவது, யாராவது பார்க்க வேண்டும். தவறு செய்த மாணவரை ‘கவுன்சலிங்குக்கு அனுப்பு’ என்று தண்டனையாக அனுப்பும் வழக்கம் இருந்தால் அதை உடனே நிறுத்துங்கள். அந்த ஒரு வழக்கமே அறையைக் காலியாக வைத்திருக்கப் போதும். கல்லூரி வளாகத்தில் இப்படியொரு சேவையை முதலில் தொடங்கியது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், 1910இல். நன்றாகப் படிக்கும் மாணவர்கள் மனச்சிக்கல்களால் படிப்பைப் பாதியில் விட்டுப் போகிறார்களே என்ற கவலைதான் காரணம். செலவைக் காட்டித் தயங்கும் நிர்வாகத்திடம் இதை எடுத்துச் சொல்லலாம்.

உங்கள் இரண்டு மூன்று பேருக்கு வருகிறேன். மதிப்பெண் விழுந்தவர் எல்லார் கண்ணிலும் படுவார். மதிப்பெண் குறையாமல் பேச்சு மட்டும் அறவே குறைந்தவர் அவர்களில் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அவரிடம் முதலில் பேசுங்கள். போகுமுன் ஆலோசகரிடம் இந்த வாரம் எந்த நேரம் காலியாக இருக்கிறது என்று கேட்டு, அதைக் குறித்து எடுத்துக்கொண்டு போங்கள். அவர் ‘சரி’ என்று சொல்லும் அந்த நிமிடத்தில் நீங்கள் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.